இரண்டு காலி டிஸ்க்

எதையாவது இலவசமாகக் கொடுப்பவன் போலீஸ் ஆளாகத்தான் இருப்பான் என்று நான் நம்பினேன். எண்பதுகளின் பிற்பாதியில், சிங்கப்பூரில் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் கடையில் மென்பொருளின் திருட்டுப் பிரதி வாங்கிப் பையில் ஒளித்துக்கொண்டு ஓடிவந்தவர்கள். நாம் எழுதும் நிரலைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் ஒன்று மட்டும் காசில்லாமல் கைமாறி வந்தது. அதை உருவாக்கிய மூல நிரலும் கூடவே இருந்தது. சமையல்காரன் குழம்பையும் கொடுத்துப் பக்குவத்தையும் சொன்னால் சந்தேகம் வராதா?

சந்தேகப்பட்டுக்கொண்டே அதை வைத்து எங்கள் கப்பல் அலுவலகத்தின் சரக்குப் பட்டியல் நிரலை எழுதினேன். பட்டியல் நீண்டால் அது பாதியில் உறைந்து நின்றது. திங்கட்கிழமை ஓடாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார் முதலாளி.

கம்பைலர் வந்த டிஸ்க்கில் உதவிக்கென்று ஒரு தொலைபேசி எண் இருந்தது. யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று பேசியது.

"சனிக்கிழமை பிடோக் சமூக மன்றத்துக்கு வாங்கோ. நிரலை அச்செடுத்துக் கொண்டு வாங்கோ. காலி டிஸ்க்கும் ரெண்டு."

ஒன்று எனக்கு, இன்னொன்று நீதிமன்றத்துக்கு என்று முடிவுகட்டினேன்.

"ஐசிய எடுத்துட்டுப் போங்க. பிடிச்சா யாருன்னாவது தெரியணும்ல?" என்றாள் மனைவி, அடையாள அட்டையை என் பையில் வைத்தபடி.

அறையில் நாலைந்து பேர் கறிபாப் பலகாரம் தின்றுகொண்டிருந்தார்கள். முடியை ஒட்ட வெட்டிய சீனர் ஒருவர் என் தாள்களை வாங்கினார். இன்ஸ்பெக்டர்!

"எங்க வேலை செய்யிறீங்கள்?" என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

"சிராங்கூன் ரோட்ல காய்கறிக் கடைங்க" என்று புளுகினேன்.

அவர் தாளை எட்டிப் பார்த்தார். "கத்திரிக்காய்க்குக் கன்டெய்னர் நம்பரோ?"

அறையே சிரித்தது. சீனர் சிரிக்கவில்லை. கம்பைலரின் மூல நிரலைத் திரையில் திறந்து வெகுநேரம் உற்றுப் பார்த்தார். தப்பு என்னுடையதல்ல, கம்பைலருடையதாம். அங்கேயே திருத்தினார். அவர் வங்கி குமாஸ்தா என்று பிறகுதான் தெரிந்தது.

திருத்தியதை இரண்டு டிஸ்க்கிலும் பதிந்தார்கள். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு மற்றதை அலமாரியில் வைத்தார் யாழ்ப்பாணத்துக்காரர். "இதே வருத்தத்தோட அடுத்து வாற ஆளுக்கு. இஞ்ச அதுதான் வழக்கம்."

"இதுல உங்களுக்கு என்னங்க லாபம்?" என்று கேட்டேன்.

"என்ட நிரல் நிண்டா நீங்க வந்து பாக்க மாட்டீங்களோ, காய்கறிக்காரரே?"

தட்டிலிருந்து ஒரு கறிபாப்பை எடுத்துக்கொண்டேன். அதிலும் ஏதாவது இருக்குமோ என்று முதலில் பிட்டுப் பார்த்தேன், உருளைக்கிழங்குதான்.

திங்கட்கிழமை பட்டியல் முழுவதும் அச்சாகி வந்தது. முதலாளி ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த வேலையைக் கொடுத்தார்.