என் வீட்டுப் பானைகளும் ஒரு டிரம்ஸ் செட்டும்

எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம் என்பது இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட நான் போன ஞாயிறு கொட்டாஞ்சேனை மைதானம் ஒன்றில், ஏப்ரல் வெயிலில், ஐந்து பேண்ட் கோஷ்டிகளை அடுத்தடுத்துக் கேட்டேன். ஏன்? எல்லாம் மனைவியின் தம்பி நேசனுக்காக.

நேசன் யாழ்ப்பாணத்தில் ஓர் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தவன். கனடா விசாவுக்காக மூன்று மாதமாக எங்கள் வெள்ளவத்தை வீட்டில் காத்திருக்கிறான். வெளியே போனால் சந்திக்குச் சந்தி ஆமியின் செக் பொயின்ட், அதனால் பயம். உள்ளே இருந்தால் கை சும்மா இருக்குமா? சோற்றுப் பானை, வாளி, நான் எழுதும் மேசை... எல்லாவற்றிலும் தாளம்தான்.

"இஞ்சருங்கோ, அவனை ஒருக்கா எங்கயாவது கூட்டிக்கொண்டு போங்கோ. இல்லாட்டி என்ர பானை உடைஞ்சுபோம்" என்றாள் மனைவி.

போனோம். முதல் நான்கு கோஷ்டிகளும் பைலா பாடின. சனம் எழும்பி ஆடியது. நேசன் மட்டும் டிரம்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அத்தான், ஒரு பாட்டுக்கு அதில இருந்து அடிச்சாப் போதும்" என்று நாலு தடவை சொல்லிவிட்டான்.

ஐந்தாவது கோஷ்டியின் அறிவிப்பாளர், எங்களோடு வாசிக்க யாராவது வருகிறீர்களா என்று சிங்களத்தில் கேட்டார். திரும்பிப் பார்க்கிறேன்... பக்கத்தில் நேசன் இல்லை. மேடையில் நிற்கிறான்!

அறிவிப்பாளர் சிரித்தபடி மைக்கை நீட்டி, "மல்லி, நம மொகத்த?" என்றார். தம்பி, பெயர் என்ன என்றுதான் கேட்டார், வேறொன்றுமில்லை.

நேசன் விறைத்து நின்றான். முழுப் பெயர், தகப்பன் பெயர், அடையாள அட்டை இலக்கம், யாழ்ப்பாண விலாசம், வெள்ளவத்தை விலாசம், கொழும்புக்கு வந்த காரணம் விசா — மூன்று மாதமாகச் செக் பொயின்ட்டுகளில் ஒப்புவித்துப் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் எல்லாம் மைக்கில் போனது. அதோடு நிறுத்தினானா? அடையாள அட்டையையும், கொழும்பில் தங்குவதற்குப் பொலிஸில் பதிந்த துண்டையும் எடுத்து நீட்டினான்.

சனம் முழுக்க மேடையையே பார்த்தது. வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள் வேறு. பெடியனை வாசிக்க விடாமல் இறக்கிவிடுவார்களோ? சிரிக்காதீர்கள் — என் கையும் தன்பாட்டில் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கதிரைக்காரரின் கையும்தான்.

அறிவிப்பாளர் அட்டையை வாங்கினார். படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். பிறகு அட்டையையும் துண்டையும் அவரே அவன் பைக்குள் வைத்துவிட்டு, டிரம்ஸ் குச்சிகளைக் கையில் கொடுத்தார்.

அடித்தான் பாருங்கள்! ஒரு பாட்டுக்கு ஏறியவனை மூன்று பாட்டு முடிந்துதான் இறங்க விட்டார்கள். சங்கீத ஞானமில்லாத எனக்கே கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் வெள்ளவத்தைக்குத் திரும்பும் வழியில் செக் பொயின்ட்டில் பஸ்ஸை மறித்தார்கள். ஆமிக்காரர் நேசனிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டார். கொழும்புக்கு வந்த காரணம்?

நேசன் பையைத் தொடவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரே வார்த்தை சொன்னான்.

"டிரம்ஸ்!"

அவன் பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து நீட்டியது நான்தான்.