தோசைக்கல்லில் கத்தரிப்பூ நிறம்

மகளின் இரண்டாவது பிரசவத்துக்கென்று பெரணமல்லூர் போயிருந்த பொன்னியம்மாள் பதினோரு நாள் கழித்து ஆரணிக்குத் திரும்பினாள். பையைக் கீழே வைக்கும் முன்பே அவள் கேட்டது, "நடுவுல ஜரிகைப் பெட்டி ஏதாச்சும் வந்துச்சா?" என்றுதான்.

அவள் கணவர் சக்கரவர்த்தி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை.

"வந்துச்சு."

"இன்னா பண்ணீங்க?"

"பார்த்து, நல்லதுன்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"யாரு பார்த்தது?"

"இருபத்தாறு வருசமா யாரு பார்த்துகினு இருக்கறது? நான்தான்."

அவள் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாள்.

சக்கரவர்த்தி பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஜரிகை பார்ப்பவர். வடக்கேயிருந்து பெட்டி வந்தால் ரீலிலிருந்து ஒரு முழம் இழுப்பார். உள்ளே இருக்கும் சிவப்பு நூலைப் பிரித்தெடுத்துவிட்டு, மேலே சுற்றியிருக்கும், தங்கப் பூச்சுப் போட்ட வெள்ளித் தகட்டிழையை மட்டும் காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் போட்டு நூறு எண்ணுவார். அவருக்குப் பயிற்சி கொடுத்த கெமிஸ்ட்ரி வாத்தியார் சொன்னதை வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறார். வெள்ளி ரோஷக்காரி, ஆக்ஸிஜன் கூப்பிட்டால் லேசில் போகமாட்டாள். செம்பு அப்படியில்லை. சூடு பட்டால் மேலே இருக்கும் தங்கப் பூச்சைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து, காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஒரு தோலைக் கட்டிக்கொள்ளும். முட்டையின் உள்தோலுக்கு முன்னால்கூட அது ஒன்றுமேயில்லை, அத்தனை மெல்லிசு. அந்தத் தோல் தடிக்கத் தடிக்க நிறம் மாறிக்கொண்டே போகும். வெள்ளி சரியாக இருந்தால் நூறு எண்ணினாலும் மாம்பழ மஞ்சள் அப்படியே நிற்கும். செம்பு கூடிப்போனால் ஐம்பதுக்குள் அரக்கு, அப்புறம் கத்தரிப்பூ, அப்புறம் மயில்கழுத்து, கடைசியில் கரி.

இதெல்லாம் தெரிந்த மனுஷனுக்குத்தான் கண்ணில் புரை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கட்டியிருந்த நீலப் புடவையைப் பார்த்து, "இந்தப் பச்சை உனக்கு எடுப்பா இருக்குது" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தாள். கேலி இல்லை. வேலூர் டாக்டர், புரை இன்னும் முற்றவில்லை, முற்றினால்தான் எடுக்க முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதுவரைக்கும் உலகம் அவருக்கு டீத்தண்ணிக்குள் கிடப்பதுபோல. நீலமும் கத்தரிப்பூவும் அதில் கரைந்து போய்விடும். ஜரிகை பார்க்கிறவனுக்கு நிறம் தெரியவில்லை என்று சங்கத்துக்குத் தெரிந்தால் அன்றோடு சரி. ஓய்வுக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது.

"ஆபீஸ் ஃபேன் காத்துல தகடு ஆறிப்போவுதுங்க" என்று செயலாளர் ரங்கசாமியிடம் சொல்லிவிட்டு, சாம்பிளை வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். பொன்னியம்மாளின் உடைந்த தோசைக்கல் சோதனைத் தகடானது. அவள் நிறத்தைச் சொல்வாள், அவர் எண்ணுவார். ஐந்தாம் வகுப்பு படித்தவளின் கண்ணை நம்பி எழுபது தறி ஓடிக்கொண்டிருந்தது.

"சாம்பிள் மிச்சம் இருக்குதா?" என்றாள் இப்போது.

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அவள் அடுப்பை மூட்டி, கல் காய்ந்ததும் இழையைப் போட்டாள். பின்கதவு வெளிச்சம் கல்லின்மேல் நேராக விழுந்தது.

"எண்ணுங்க."

நாற்பத்திரண்டில் அரக்கு வந்தது. ஐம்பத்தைந்தில் ஓரத்திலிருந்து கத்தரிப்பூ ஏறி நடுவுக்கு வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த நிறத்தில் ஒரு புடவை கண்ணில் பட்டிருந்தால் கையில் எடுத்து விரித்துப் பார்த்திருப்பாள்.

"இப்ப இன்னா கலரு?" என்று கேட்டாள்.

"மாம்பழந்தான். கொஞ்சம் மங்கலா."

அவள் கல்லை இறக்கி வைத்தாள்.

"ஒரு இழை அப்பிடி இருக்கும். இன்னொண்ணு போடு" என்றார்.

இன்னொன்றும் போட்டாள். அதுவும் அதே மாதிரி போயிற்று.

"எந்தெந்த தறிக்குப் போச்சு?"

"முள்ளிப்பட்டுக்கு. நாலு தறி." அவர் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிப் பெயரில் குரல் இறங்கிப்போனது. "சடையன்."

பொன்னியம்மாள் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன தடவை சடையன் நெய்த புடவை ஒன்று ஆறே மாசத்தில் முந்தானை கறுத்துத் திரும்பி வந்தது. சங்கம் கொடுத்த ஜரிகையை அவன் மாற்றிவிட்டான் என்று சங்கத்தில் முடிவு கட்டினார்கள். எட்டு மாசம் தறி சும்மா கிடந்தது. மனைவி பாஞ்சாலை கல்லுடைக்கப் போனாள். இந்த ஆடியில்தான் திரும்ப நெய்யப் பாவு நூல் கொடுத்திருந்தார்கள். இன்னொரு முந்தானை கறுத்தால் அவன் சொல்வதை நாய்கூட நின்று கேட்காது.

"அந்தப் பெட்டி எந்த வருசம் வந்தது?"

"எது?"

"சடையனோட பழைய பெட்டி."

"எழுபத்தாறு கடைசியில."

அவளை அவர் சாம்பிள் பார்க்கக் கூப்பிட்டது எழுபத்தேழு சித்திரையில். பழைய பெட்டியை அவர் தனியாகத்தான் பார்த்திருந்தார். இடையில் எத்தனை மாசம் என்று விரல் விட்டு எண்ண அவளுக்குத் தைரியம் இல்லை. அவர் எண்ணிவிட்டார் என்பது மட்டும் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"வேலை போயிடும்டி" என்றார்.

"போவும்."

"வியாபாரி ஏமாத்திட்டான்னு சொல்லிடலாமே."

"இந்தப் பெட்டிக்குச் சொல்லலாம். அந்தப் பெட்டிக்கு?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவளே கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள்.

சங்கத்தில் ரங்கசாமி இரண்டு பேருக்கும் நாற்காலி போடச் சொன்னார். சக்கரவர்த்தி உட்காரவில்லை.

"எனக்கு நீலம் தெரியலைங்க" என்றார்.

"இன்னா தெரியல?"

"நீலம். கத்தரிப்பூ. கல்லு மேல வர்ற கலரு எதுவுமே தெரியல. வீட்ல இவதான் பார்த்துச் சொல்லிகினு இருந்தா. இவ ஊர்ல இல்லாதப்ப நானா பார்த்து அனுப்பினது நல்ல ஜரிகை இல்லைங்க."

ரங்கசாமி அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல பேஜாரு பண்ணியே சக்கரவர்த்தி. எத்தினி நாளா?"

"ரெண்டு வருசம்" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "மூணு வருசத்துக்கு மேல இருக்கும்."

அந்த மூன்றைக் கேட்டதும் பொன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். ரங்கசாமிக்குக் கணக்குப் பிடிபட ஒரு நிமிஷம் ஆனது.

"அப்ப சடையன் விசயம்?"

"அந்தப் பெட்டியும் நான் பார்த்ததுதாங்க. சரியாத்தான் பார்த்தேன்னு இப்ப என்னால சத்தியம் பண்ண முடியாது."

"எழுதிக் குடு. ரெண்டையும் எழுது" என்றார் ரங்கசாமி. "அலமாரிச் சாவிய வச்சிட்டுப் போ. மிச்சத்தக் கமிட்டி பார்த்துக்கும். அதுக்கு முன்னாடி முள்ளிப்பட்டு போய் ஜரிகையெல்லாம் ஜல்தியாத் திருப்பி வாங்கு. எவனும் முந்தானை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் முள்ளிப்பட்டு போனபோது மூன்று வீட்டில் ரீல் பிரிக்காமலே இருந்தது. சடையன் மட்டும் முந்தானையில் நாலு விரல் நெய்துவிட்டிருந்தான். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தறிக்குழிக்குள்ளிருந்து அவன் எழுந்திருக்கவில்லை. வாசற்படியில் நின்ற பாஞ்சாலைதான் பேசினாள்.

"எட்டு மாசம் என் கையிப் பாருங்க, எப்பிடி ஆயிப்போச்சின்னு. அப்பல்லாம் உங்க கண்ணு தெரியலயா சாமி?"

"தெரியலம்மா" என்றார் சக்கரவர்த்தி.

சடையன் பிளேடை எடுத்து, நெய்த நாலு விரலில் குறுக்கு இழையான ஊடையை ஒவ்வொன்றாக அறுத்து உருவினான். மினுங்கும் இழைகளைச் சேர்த்துச் சுருட்டி அவரிடம் நீட்டினான். பிறகு கேட்டான்.

"எழுதிக் குடுத்தேன்னு சொன்னீங்களே. அதுல என் பேரு இருக்குதா?"

"இருக்குது. நகல் வச்சிருக்கேன்."

"படிங்க."

சக்கரவர்த்தி காகிதத்தை மூக்குக்கருகே கொண்டுபோனார். கார்பன் எழுத்து அவருக்குப் பிடிபடவில்லை. பொன்னியம்மாள் அதை வாங்கிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'முள்ளிப்பட்டு சடையன் ஜரிகையை மாற்றியதாகச் சொல்லப்பட்டது தவறாக இருக்கலாம். நான் பார்த்து அனுப்பியதே கெட்ட ஜரிகையாக இருந்திருக்கலாம்.'

"இருக்கலாம்னா?" என்றாள் பாஞ்சாலை.

சடையன் குழிக்குள்ளிருந்து கையை ஊன்றி மேலே ஏறி வந்தான்.

"பேரு வர்ற எடத்த மட்டும் இன்னொரு தடவை படிங்கம்மா" என்றான்.

பொன்னியம்மாள் 'முள்ளிப்பட்டு சடையன்' என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.