கால் லிட்டர் தண்ணீர்

அந்தப் போன் விளையாட்டில் காகம் ஜெயித்தால் ஒரு சத்தம் வரும். களக், களக், களக். மூன்று முறை. அலகை ஜாடிக்குள் விட்டு, கழுத்தைத் தூக்கி, தண்ணீர் தொண்டையில் இறங்குகிற சத்தம். யாரோ, எங்கேயோ, நாள் முழுக்க வெயிலில் நடந்துவிட்டு வந்து உண்மையாகவே தண்ணீர் குடித்துத்தான் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வளவு நிறைவான சத்தம். திருநின்றவூரில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில், திங்கட்கிழமைகளில், காலையிலிருந்தே அது கேட்கத் தொடங்கிவிடும். என் மனைவி தண்ணீர் குடிக்கக் கூடாது. காகத்தைக் குடிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சிறுநீரகங்கள் இரண்டும் நின்றுபோயிருந்தன. செவ்வாய், வியாழன், சனி காலைகளில் அம்பத்தூரில் டயாலிசிஸ். குடிக்கிற தண்ணீருக்கு உடம்பை விட்டு வெளியேற வேறு வழியில்லை. உள்ளேயே தங்கும், காலில் வீங்கும், மூச்சில் ஏறும். நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கிடந்து அதை இறக்க வேண்டும். சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு முழு நாட்கள். அதில் ஞாயிற்றுக்கிழமையைக் கூட எப்படியோ தாண்டிவிடலாம். திங்கட்கிழமை என்பது அவளுக்கு ஒரு கிழமை அல்ல, ஒரு வறண்ட நாக்கு.

அவளுடைய தண்ணீரை நான்தான் அளந்தேன். அளப்பதுதான் என் தொழில். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் தரப் பரிசோதகன். கடைந்து வரும் உருப்படிகளைக் கேஜில் விட்டுப் பார்த்து, தேறியதை ஒரு பெட்டியிலும் தேறாததை இன்னொரு பெட்டியிலும் போடுகிறவன். இருபத்தைந்து வருடங்களாக இதே வேலை. வரைபடம் இவ்வளவு வரை போகலாம் என்று சொன்னால் நான் அதற்கு ஒரு நூல் உள்ளேயே நிற்பேன். அதனால்தான் என் கையில் தேறிய உருப்படி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்றார். அறைக்குள் நான் மட்டும் இருந்தேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளிடம் வந்து, "முக்கால் லிட்டராம்" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. ஒரு நூல் உள்ளே நிற்கிற பழக்கம் வாயைத் திறந்து பேசிவிட்டது. ரசத்தில், மோரில், இட்லிக்குள் ஒளிந்திருக்கிற ஈரத்தில் என் கணக்குக்குத் தப்பி ஏதாவது உள்ளே போய்விட்டால் தாங்குவதற்கு ஒரு கால் லிட்டர் என் கைவசம் இருக்கட்டும் என்று நினைத்தேன். மறுநாள் பட்டறையிலிருந்து கோடு கீறும் ஊசியைக் கொண்டுவந்து, ஒரு பாட்டிலில் முக்கால் லிட்டர் அளவுக்கு ஒரு கீறல் போட்டேன். தினமும் காலையில் அந்தக் கீறல் வரை ஊற்றிவைப்பேன். மருந்துக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான். ஒன்றரை வருடம்.

காகத்தை அவளுக்கு அறிமுகம் செய்தவர் டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கைக்காரர். மண்ணூர்பேட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். ஊசி குத்திய இடது கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. வலது கை சும்மா கிடக்கிறதே என்று அவர்தான் அவள் போனில் அதை ஏற்றிக் கொடுத்தார்.

"ஒண்ணாங்கிளாஸ் கததான்க்கா. காக்கா, கல்லு, பானை. இன்னா, இதுல கல்லு எங்க வுயணும்னு நீ கரீட்டா வுடணும்."

எளிய விளையாட்டுதான். திரையின் மேல் பகுதியில் கற்கள் தொங்கும். விரலால் நகர்த்தி விட்டால் விழும், சுழலும், ஜாடியின் விளிம்பில் மோதும். அவசரப்பட்டால் தண்ணீர் தெறித்து வீணாகும். பெரிய கல்லைப் போட்டால் கழுத்தில் சிக்கி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தவறுக்கும் காகம் தலையைச் சாய்த்து நம்மைப் பார்த்து ஒரு முறை கரையும். அந்தக் கரைதலில் ஒரு ஏளனம் உண்டு. அதற்காகவே இன்னொரு தடவை, இன்னும் ஒரே ஒரு தடவை என்று கை போகும். சாய்ந்த ஜாடி, ஊஞ்சலில் ஆடும் ஜாடி, வயிறு பெருத்துக் கழுத்து சிறுத்த ஜாடி என்று வந்துகொண்டே இருக்கும்.

நானும் மாட்டிக்கொண்டேன். என் போனிலும் ஏற்றி ரயிலில் ஆடினேன். பட்டரவாக்கத்தில் இறங்க வேண்டியவன் தலை நிமிர்ந்தபோது கொரட்டூர் போய்க்கொண்டிருந்தது. அவளிடம் சொன்னேன்.

"எந்த ஜாடி?"

"முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டுக்கா ஸ்டேஷனை விட்டீங்க? அதை நான் மாத்திரை முழுங்குற நேரத்துல முடிச்சேன்."

டயாலிசிஸ் அறையில் அவளுக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒவ்வொரு முறையும் பந்தயம்.

"இன்னாக்கா, காக்கா குட்ச்சிச்சா?"

"எப்பவோ. உன் காக்கா?"

"என் காக்கா கெடக்குது, நான் குட்ச்சிட்டேன். நேத்து ஒரு கோலி சோடா."

"அதான் நாலு கிலோ ஏறி வந்திருக்க. இன்னிக்கு அவ்வளவு தண்ணியையும் இறக்கறப்ப காலு இழுக்கும், அப்ப 'ஐயோ அக்கா'ன்னு கத்து, நான் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேன்."

எடை பார்க்கும் சிஸ்டர் எல்லாரிடமும் அவளைத்தான் உதாரணம் காட்டுவார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் அவளுக்கு ஏறியதேயில்லை. நான் சுவரோரம் நின்று அந்தப் பாராட்டை எனக்கென்று வாங்கிக்கொள்வேன். ஆட்டோக்காரர் படுத்தபடியே என்னைப் பார்த்துச் சொல்வார்: "சாரு ஊட்ல மீட்டர் போட்டு தண்ணி வுட்றாரு. இத்தினி வர்சமா ஆட்டோ ஓட்டிகினு கீறேன், நானே மீட்டர் போட்டதில்ல." அறை முழுக்கச் சிரிக்கும். அவள் எல்லாரையும் விடக் கொஞ்சம் அதிகம் சிரிப்பாள்.

அவள் என்னிடம் கெஞ்சியது இரண்டே முறை. இரண்டாவது முறை ஒரு சித்திரை மாதத்துத் திங்கள். மின்சாரம் இல்லை. பாட்டில் காலி. உதடு வெடித்திருந்தது.

"என்னங்க, ஒரு வாய். முழுங்கக்கூட மாட்டேன். கொப்பளிச்சுத் துப்பிடறேன்."

"போன தடவையும் அப்படித்தான் சொன்ன."

"ஆமா, முழுங்கிட்டேன்," என்றாள். குழந்தை மாதிரி ஒத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கொடுக்கவில்லை. என் கைவசம் கால் லிட்டர் இருந்தது, நான் கொடுக்கவில்லை. அவள் போனை எடுத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பினாள். கொஞ்ச நேரத்தில் களக், களக், களக்.

அறுபத்து நாலாவது ஜாடியில் அவள் நின்றுபோனாள். அகலமான ஜாடி, அடியில் கால் பாகம்தான் தண்ணீர். எத்தனை கல் போட்டாலும் விளிம்பு வரை கல்தான் ஏறியது, தண்ணீர் ஏறவில்லை. இரண்டு வாரம் முட்டி மோதினாள்.

"கல்லு போட்டா தண்ணி ஏறித்தானே ஆகணும்?" என்றேன் நான், அளக்கிறவன்.

"எங்க ஏறுது? கல்லுக்கு நடுவுல சந்து இருக்குல்ல, அதுல போய் உக்காந்துக்குது."

பட்டறையில் ஆய்வுத் தாளின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. கூழாங்கல்லைக் குவித்தால் பத்தில் ஏறத்தாழ நாலு பங்கு வெறும் சந்துதான். ஜாடியில் அதற்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் உலகத்துக் கூழாங்கல்லை எல்லாம் போட்டாலும் காகத்துக்கு எட்டாது. அந்த விளையாட்டில் விளம்பரம் ஒன்று பார்த்தால் மணல் தருவான், மணலைப் போட்டால் சந்து அடைபடும். சொன்னேன். அவள் ஒப்பவில்லை.

"கதையில காக்கா மணலா போட்டுச்சு? கல்லுதான்."

"அப்ப இது முடியாது. தண்ணி பத்தாது."

"கம்மியா ஊத்திட்டான்," என்றாள். போனை மடியில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஊத்தினவனுக்கு என்ன பயமோ, பாவம்."

விளையாட்டைச் செய்தவனைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த மாதம், ஒரு திங்கட்கிழமை மதியம், இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். நாற்காலியில் தலை சாய்ந்திருந்தாள். மடியில் போன் எரிந்துகொண்டிருந்தது. காகம் ஜாடி விளிம்பில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்று பிறகு சொன்னார்கள். இந்த நோயில் அப்படி நடப்பதுண்டாம். யார்மேலும் தவறில்லையாம்.

அந்த நிமிடத்தில் நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், தோளை உலுக்கினேன், பிறகு மேசை மேல் இருந்த பாட்டிலைப் பார்த்தேன். கூடக் குடித்துவிட்டாளா என்று பார்த்தேன். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

பதினாறாம் நாள் மொட்டை மாடியில் காகத்துக்குப் படைத்தோம். "அவளுக்குப் புடிச்சதெல்லாம் வை," என்றாள் என் அக்கா. வடை, சேமியா பாயசம், உருளைக்கிழங்கு வறுவல் என்று இலை நிறைந்தது. அவளுக்குப் பிடித்தது என்னவென்று எனக்குத் தெரியும். கீழே போய் ஒரு பெரிய சொம்பில் விளிம்பு தளும்பத் தண்ணீர் கொண்டுவந்து இலையோரம் வைத்தேன். காகம் வந்தது. சொம்பின் விளிம்பில் உட்கார்ந்தது. அது இறங்கி, வடையைக் கவ்விக்கொண்டு ஏரிப் பக்கம் பறந்துபோனது. சொம்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வெயில்தான் கொஞ்சம் குடித்தது.

அதற்கடுத்த செவ்வாய், அவளுடைய கம்பளியை எடுத்துக்கொண்டு டயாலிசிஸ் அறைக்குப் போனேன். அங்கே ஏசி எலும்பில் இறங்கும்; ஆட்டோக்காரர் எப்போதும் மறந்து வந்துவிட்டு அவளிடம்தான் கம்பளிக்குக் கெஞ்சுவார். அவர் கையில் ஊசிகள் ஏறியிருந்தன. கம்பளியை நானே அவர்மேல் போர்த்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துப் படுக்கையில் வேறு ஒருவர் படுத்திருந்தார்.

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. "உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி சொல்லியிருக்காங்க?" என்று கேட்டேன்.

"ஒரு லிட்டரு. நான்தான் கேக்க மாட்டேன்."

"அவளுக்கும் ஒரு லிட்டர்தான்." கம்பளியின் ஓரத்தை இழுத்துவிட்டேன். "நான் முக்கால்னு சொல்லிட்டேன்."

அவர் கண்ணைத் திறந்தார்.

"அது அக்காக்கு தெரியும் சார்."

நான் படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"வந்த புச்சுலயே தெரியும். சிஸ்டராண்ட கேட்டுச்சி. ஒரு லிட்டருன்னு சிஸ்டர் சொல்ச்சி. எனக்கு கோவம் வந்துட்ச்சி சார். 'இன்னாக்கா இது, ஊட்டுக்காரு உன்னிய ஏமாத்திகினு கீறாரு, போய் நாலு கேள்வி கேளு'ன்னேன். அக்கா சிரிச்சிச்சி." அவர் நிறுத்தினார். மூக்கை வலது கையால் துடைத்துக்கொண்டார். "'அந்தக் கால் லிட்டரு எனக்கு இல்லடா, அவருக்கு. அது கையில இருந்தாத்தான் அவரு பயப்படாம வேலைக்குப் போவாரு'ன்னுச்சி. உங்களாண்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிச்சி. இப்ப சொல்ட்டேன். அக்கா திட்டும்."

வெளியே வந்து ரயிலேறினேன். அந்த வண்டியில் நான் எதையும் ஆடவில்லை. அண்ணனூர், ஆவடி, பட்டாபிராம் என்று ஊர்கள் வந்து வந்து போயின. ஒன்றரை வருடத் திங்கட்கிழமைகளும் ஒவ்வொன்றாக வந்து எதிர் இருக்கையில் உட்கார்ந்தன. ஒவ்வொன்றிலும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வாய், துப்பிடறேன் என்று கெஞ்சிய அன்றும் தெரிந்திருந்தது. "எனக்கு இன்னும் கால் லிட்டர் வரணும், எடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வெட்கத்தோடு எடுத்துக் கொடுத்திருப்பேன். அந்த வெட்கத்தை எனக்குத் தரக்கூடாது என்று, வெடித்த உதட்டோடு சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். நான் அவளுடைய தாகத்தை அளந்துகொண்டிருந்தேன். அவள் என் பயத்தை அளந்து, ஒரு நூல்கூடத் தவறாமல், தினமும் கால் லிட்டர் எனக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அந்தப் பாட்டில் இன்னும் மேசை மேல்தான் இருந்தது. கீறல் வரை ஊற்றினேன், எப்போதும் போல. பிறகு அதற்கு மேல், இதுவரை ஒருநாளும் ஊற்றாத இடத்தில், ஒரு லிட்டர் வரை ஊற்றினேன். கீறலுக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்கு நின்றது. இவ்வளவுதான். ஒரு டம்ளரும் இன்னும் கொஞ்சமும். சாலையில் போகிறவன் நின்று யாரிடமும் கேட்காமல் குடித்துவிட்டுப் போகிற தண்ணீர்.

அது எனக்கு என்று அவள் சொல்லியிருக்கிறாள். தலையை அண்ணாந்து, கீறல் தெரியும் வரை குடித்தேன். ஆளில்லாத கூடத்தில் என் தொண்டையிலிருந்தே அந்தச் சத்தம் வந்தது. களக், களக், களக்.