இறுக்கிவிட்டுக் கழற்றிய நட்டு

நெய்வேலி சுரங்கத்தில் மெஷின்களைக் கழற்றி மாட்டும் கான்ட்ராக்ட் ஃபிட்டர் நான். ஐந்தாவது வரைதான் படிப்பு. கூச்ச சுபாவம்; ஆனால் ஸ்பானரைப் பிடித்தால் பயம் கிடையாது.

அன்று என் தங்கை கணவரின் நிலத்தில், மழை ஈரம் காய்வதற்குள் உழுது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விதைக்க வேண்டும். பழைய டிராக்டரின் சக்கரமோ பஞ்சர். அதில் ஒரு நட்டு மட்டும் துருப்பிடித்து அசையவே இல்லை. ஸ்பானரில் பைப்பைச் சொருகி ஏறி மிதித்தேன். போல்ட் உடைந்தால் அன்றைய விதைப்பு போச்சு.

விதை போட வந்திருந்த ஓர் அம்மாள், "மொதல்ல கொஞ்சம் இறுக்குங்க, அப்புறம் கழட்டுங்க. எங்க பஞ்சர் கடையில அப்படித்தான்" என்றார்.

"இறுக்குனா எப்படிம்மா கழலும்? மைன்ஸ்ல எம்மாம் பெரிய மெஷினையே கழட்டறவன் நானு!"

"மெஷினு கழலுதுங்க, நட்டு கழலலியே!"

எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் இறுக்கும் பக்கம் அழுத்தினேன். டக்கென்று துரு விட்டது. திருப்பியதும் நட்டு சுழன்று வந்தது.

அப்போதுதான் வந்த தங்கை கணவர், "மைன்ஸ் ஆளுன்னா சும்மாவா மச்சான்!" என்றார். யோசனை அந்த அம்மாளுடையது என்று நான் சொல்லவில்லை. கூச்சத்தால் அல்ல, அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது.

உழவும் விதைப்பும் பாதியில் இருக்கும்போது மனசு கேட்காமல் வயலில் இறங்கினேன். "மாப்ள, அந்த நட்டு இவங்க சொல்லித்தான் கழண்டுச்சு" என்று உரக்கச் சொன்னேன்.

"சரிங்க, வெதய மிதிக்காம நில்லுங்க" என்றார் அந்த அம்மாள்.

ஒதுங்கி நின்றேன். அவ்வளவு நிம்மதியாக நான் திட்டு வாங்கியதே இல்லை.