மெல்லக் கற்பவர்

போன வாரம் மதிய மணி அடித்துச் சோற்று டப்பாவைத் திறக்கப் போகிற நேரத்தில், எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்திருக்கிற பி.எட். பெண் ஒரு ரெக்கார்டு நோட்டை நீட்டினாள். கம்மாபுரம் பக்கத்துப் பள்ளி எங்களுடையது. வருடா வருடம் இப்படி நாலைந்து பேர் வருவார்கள். "மேடம், கேஸ் ஸ்டடி. ஒரு சைன் மட்டும்" என்றாள். ஒரு பிள்ளையைப் பயிற்சி முடியும்வரை கூடவே இருந்து கவனித்து எழுதவேண்டிய நோட்டு அது. பிரவுன் அட்டை, ஈரம் காயாத பசை வாசனை. மாணவியின் பெயர் கலா என்றிருந்தது. எங்கள் பள்ளியில் கலா என்று யாரும் கிடையாது. பெயரை மாற்றியிருக்கிறாள் போல, மாற்றத்தானே வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினேன்.

"மாணவி தூங்கும்போதும் இடது கையில் பிடித்த பென்சிலை விடுவதில்லை."

டப்பாவை மூடி வைத்துவிட்டேன். அந்த வாக்கியம் என்னுடையது. சுனாமி வந்த அடுத்த வருடம், கடலூரில், ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பற்றி நான் எழுதியது.

அந்தப் பசை வாசனையை நான் மறந்தே போயிருந்தேன். நாங்கள் பி.எட். படித்த வருடம் முழுக்க எங்கள் மேலெல்லாம் அதுதான் அடிக்கும். திருப்பாப்புலியூரில் காலை பாசஞ்சரைப் பிடித்துச் சிதம்பரத்தில் கல்லூரிக்குப் போவேன். மீட்டர் கேஜ் வண்டி, ஒரு வாய் தண்ணீர் சிந்தாமல் குடிக்க முடியாது. அந்த ஆட்டத்திலும் மடியில் நோட்டை வைத்து மார்ஜின் போடுவோம். பாடத்திட்ட ரெக்கார்டு, உளவியல் ரெக்கார்டு, கேஸ் ஸ்டடி ரெக்கார்டு. கல்வியியல் என்பது நேராகக் கோடு போடுகிற சாஸ்திரம் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கோடும் நேராக வரவில்லை என்பது வேறு விஷயம்.

உளவியல் ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிச் சோதனை உண்டு. கையை மறைத்துவிடுவார்கள். எதிரே உள்ள கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே ஒரு நட்சத்திரத்தின் மேல் பென்சிலை ஓட்டவேண்டும். கண்ணாடியில் வலது என்று தெரிகிற பக்கம் கை போகாது, எங்கேயோ இழுத்துக்கொண்டு ஓடும். எனக்கு ஒரு முனையைத் தாண்டவே வியர்த்துவிட்டது. கூடப் படித்த செல்வி சிரித்தாள். "ஏண்டி கஷ்டப்படுற? சீனியர் நோட்டுல எத்தினி செகண்டுன்னு எல்லாம் இருக்கு. பாத்து எழுதிட்டு வா, கேன்டீன் போலாம்." அங்கே எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். பத்து வருடமாக ஒரே நட்சத்திரம், ஒரே விநாடிகள். கேஸ் ஸ்டடியும் அப்படியே, அப்பா குடிகாரர், பையன் பென்சில் திருடுவான், பெயர் மட்டும் மாறும். நான்தான் பெரிய உத்தமி மாதிரி, உண்மையான பிள்ளையைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்று கிளம்பினேன். எழுதாமலே இருந்திருக்கலாம்.

பயிற்சிக்கு எனக்குக் கடலூரில் ஒரு பெண்கள் பள்ளி கிடைத்தது. ஒன்பதாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சில் அவள். பெயரைச் சொல்லமாட்டேன். ஒருமுறை எழுதியதே போதும். கடலோரத்துப் பிள்ளை. சுனாமியில் படகு போய்விட்டது. அம்மாவோடு விடியும் முன்பே இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போய்விட்டு அப்படியே பள்ளிக்கு வருவாள். விரலெல்லாம் ஐஸில் ஊறி வெளுத்திருக்கும். பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். முதல் பாடவேளை பாதியிலேயே தூங்கிவிடுவாள்.

நான் போய்ப் பேசியபோது அவள் கேட்ட முதல் கேள்வி இது. "மிஸ், நீங்களும் படம் வரையச் சொல்லுவீங்களா?"

எனக்குப் புரியவில்லை. பிறகு தெரிந்தது. சுனாமிக்கு அப்புறம் வேன் வேனாக வந்தவர்களெல்லாம் அந்தப் பிள்ளைகள் கையில் கிரேயான் கொடுத்து அலையை வரையச் சொன்னார்களாம். "எட்டு வாட்டி வரைஞ்சிட்டேன் மிஸ். ப்ளூ தீந்துபோச்சு." யாரும் ஒரு பிள்ளைக்குக் கூடத் தூங்க ஒரு மணிநேரம் கொடுக்கவில்லை. படத்தை மட்டும் பத்திரமாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? நான் நோட்டோடு போயிருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் பேராசிரியர் ஒருநாள் என் கணக்கு வகுப்பைப் பார்க்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அவரையே பார்த்துக்கொண்டு x² − 5x + 6 என்று எழுதி, காரணிகளை (x − 2)(x + 3) என்று போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போகிறேன். மூன்றாவது பெஞ்சில் தலை நிமிர்ந்தது. "மிஸ், அங்கயும் மைனஸ்தான்." சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டாள். நான் திருத்தினேன். பேராசிரியர் நான் வேண்டுமென்றே தப்பாகப் போட்டு மாணவியைச் சிந்திக்கவைத்ததாக எடுத்துக்கொண்டு நல்ல மதிப்பெண் போட்டார். அதை என் ரெக்கார்டின் கடைசிப் பக்கம் முழுக்க எழுதினேன். அரைத் தூக்கத்தில் காரணி காண்கிற பெண், பத்தாம் வகுப்பில் கணக்கில் நூறு வாங்குவாள் என்று எழுதினேன். அவள் அம்மாவை வழியில் பார்த்தபோதும் சொன்னேன்.

ஆனால் ரெக்கார்டுக்கு ஒரு சோதனை வேண்டும். ஆய்வகத்திலிருந்து நுண்ணறிவுச் சோதனைப் புத்தகமும் ஸ்டாப்வாட்ச்சும் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். மதியம் சாப்பிட்டபின் அவளை உட்காரவைத்தேன். பனிச்சறுக்குக் கட்டை படம் போட்டு அதில் என்ன குறைகிறது என்று கேட்கிற புத்தகம் அது. எனக்கே தெரியாது. நாலாவது பக்கத்தில் தூங்கிவிட்டாள். எழுப்பவில்லை, வாட்ச்சையும் நிறுத்தவில்லை. இடையில் நிறுத்தக்கூடாது என்று செய்முறையில் இருந்தது. ஒரு பிள்ளை என் எதிரில் களைத்துத் தூங்க, நான் விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மதிப்பெண் அதலபாதாளத்தில் இருந்தது. ‘குழந்தையின் வகை’ என்ற கட்டத்தைக் காலியாக விட்டு நோட்டைப் பேராசிரியரிடம் காட்டினேன். "வகை போடலன்னா மார்க் கெடையாதும்மா" என்றார். கொடுத்திருந்த பட்டியலில் மீத்திறன் உண்டு, நெறி பிறழ்ந்தவர் உண்டு, மெல்லக் கற்பவர் உண்டு. வேலைக்குப் போய்விட்டு வருகிற குழந்தை என்று ஒரு வகை இல்லை. "ஸ்கோர் என்ன சொல்லுதோ அதப் போடு." போட்டேன். மெல்லக் கற்பவர். கோடு கூட அன்றைக்கு நேராக வந்தது.

பயிற்சி முடிகிற நாளில் பள்ளித் தலைமையாசிரியர் ரெக்கார்டில் கையெழுத்துப் போடவேண்டும். அவர் கட்டத்தை மட்டும் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளைக் கழித்துக்கட்டுகிற மனிதர். அன்றைக்கே அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார். ஷெட்டிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவைக் கரை நனைந்திருந்தது.

"ஒங்க பொண்ணுக்குப் படிப்பு ஏறாதும்மா. நான் சொல்லல, சைக்காலஜி படிச்ச டீச்சரு டெஸ்ட்டு வச்சு எழுதிக் குடுத்துருக்காங்க. டீசிய வாங்கிக்கிட்டு டுடோரியல்ல சேத்து வுடுங்க."

"சார், கடைசிப் பக்கத்தையும் படிங்க சார்" என்றேன்.

"பக்கம் பக்கமாப் படிக்க எனக்கேதும்மா நேரம்?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீங்கதான் எழுதுனீங்களாம்மா? நல்லாப் படிக்குதுன்னு எங்கிட்ட சொன்னீங்களே."

என் வருகைச் சான்றிதழ் அவர் மேஜைமேல், கையெழுத்துக்காகக் கிடந்தது. அது இல்லாவிட்டால் எனக்கு பி.எட். இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றேன். கோபத்தை அந்த ஆள்மேல் கொட்டிவிட்டுத் தப்பிக்கலாம் என்று எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்தச் சான்றிதழ்தான் விடமாட்டேன் என்கிறது. அதைக் காட்டித்தான் இன்றைக்குச் சம்பளம் வாங்குகிறேன்.

ஆண்டு முடிந்ததும் டீசி கொடுத்துவிட்டார்கள். ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். கேரளா பக்கம் இறால் கம்பெனிக்குக் குடும்பத்தோடு போய்விட்டதாகச் சொன்னார்கள். என் ரெக்கார்டுக்கு வகுப்பிலேயே முதல் மதிப்பெண். அடுத்த வருடத்துப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ள, மாதிரி ரெக்கார்டு என்று கல்லூரி அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இப்போது கம்மாபுரத்தில் என் எதிரே நின்ற பெண்ணிடம் கேட்டேன். "இந்தக் கலாவ நீ பாத்தியா?"

"இல்ல மேடம். சீனியர் அக்கா நோட்டு. எல்லாரும் இதத்தான் எழுதுவோம்."

ஸ்டாஃப் ரூமே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கையெழுத்துப் போடமாட்டேன், நம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையோடு போய் உட்கார், முதலில் நோட்டில்லாமல் உட்கார் என்றேன். அழுதுவிட்டாள், பாவம். நான் திட்டியது அவளை இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அவள் போனபின் நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். இப்போது மீட்டர் கேஜ் வண்டி இல்லை. அந்தப் பள்ளியின் பழைய கட்டடமும் இல்லை. ஆனால் நான் எழுதியது கைக்குக் கை மாறி வந்து சேர்ந்திருக்கிறது. தூங்குகிறாள் என்பது வந்திருக்கிறது. மீன் வாடை வந்திருக்கிறது. பென்சில் வந்திருக்கிறது. கட்டத்துக்குள் மெல்லக் கற்பவர், ஓர் எழுத்துக் கூடக் குறையாமல் வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தைத் தேடினேன். அட்டை வரைக்கும் போய்த் திரும்பவும் தேடினேன். எந்த வருடமோ, கை வலித்த எவளோ ஒருத்தி, இது எதற்கு என்று விட்டிருப்பாள். ‘அங்கயும் மைனஸ்தான்’ என்று அவள் தலை நிமிர்ந்து சொன்ன அந்த ஒரு பக்கம் மட்டும் இல்லை.