கோட்டை கேமும் தயாளனின் விரல்களும்

என் பழைய கேமிங் கடையில் ஆடி வளர்ந்த இம்ரான் வேலை பார்க்கும் சென்னை கம்பெனியில் நான் இப்போது கேம் டெஸ்டிங் செய்து கொடுக்கிறேன். அங்கே புதிதாகச் சேரும் பிள்ளைகள் எல்லா கேமும் நேற்று முளைத்தது என்று நினைக்கிறார்களாம். "அக்கா, நம்ம கடைல ஆடினத எழுதிக் குடுங்க, இதுங்க படிக்கட்டும்" என்றான். அவன் கேட்டது ஒரு பழைய கேமின் கதை. எழுத உட்கார்ந்தால் தயாளனை விட்டுவிட்டு அதை எழுத முடியவில்லை.

கடை திறந்த அன்று

முதல் நாளே சண்டை. காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு பட்டுக்கடைக் கிடங்கின் மாடியில், எட்டு சிஸ்டம்களை லேன் கேபிளில் இணைத்து கேமிங் சென்டர் வைத்தேன். பெண்பிள்ளை அப்படி ஒரு கடை வைத்து ஊரில் யாரும் பார்த்ததில்லை. கிடங்குக்காரரே கீழே நின்றுகொண்டு, "ஏம்மா பத்மா, டைலரிங் வெக்கலாமே, இது இன்னா வேலை?" என்று கேட்டார். சாமிக்கு ஏற்றிய ஊதுபத்தி அணைவதற்குள் ஏனாத்தூர் காலேஜ் பையன்கள் படியேறி வந்து, ஜன்னலோர சிஸ்டத்துக்கு அடித்துக்கொண்டார்கள்.

"நான் மொதல்லருந்தே நின்னுக்கினு இருக்கறேன்பா!" என்று கத்தியவன் இம்ரான். ஒன்றும் பேசாமல் போய் உட்கார்ந்துவிட்டவன் தயாளன். பிள்ளையார்பாளையத்துப் பையன், ஒல்லி, எப்போதும் முழுக்கைச் சட்டை. இரண்டு பேர் காதையும் பிடித்துத் திருகி எதிரெதிராக உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு அவர்களைப் பிரித்து உட்கார வைக்க என்னால் முடியவில்லை.

அவர்கள் ஆடிய கேமுக்கு ஏதோ நீளமான ஆங்கிலப் பெயர். எங்கள் கடையில் அதை கோட்டை கேம் என்றுதான் சொன்னோம். தங்கமும் மரமும் சேர்த்து, வீடு கட்டி, படை திரட்டி, அடுத்தவன் கோட்டையை இடிக்க வேண்டும். வலது கை மவுஸில், இடது கை கீபோர்டில். ஒரு பக்கம் சண்டை நடக்கும்போதே இன்னொரு பக்கம் வேலையாட்களை ஏவ வேண்டும். கை கொஞ்சம் ஓய்ந்தாலும் எதிரி வாசலில் நிற்பான்.

தயாளனின் விரல்களை நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறேன். கீபோர்டில் கொட்டும் சத்தம் வராது, தடவுவது போலத்தான் இருக்கும். அதற்குள் மூன்று பக்கமும் படை கிளம்பியிருக்கும். "தயா வெரல்ல பேய் கீதுக்கா. ஒரு நாளாவது இவன ஜெயிக்கணும்" என்பான் இம்ரான்.

புதிதாக வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த கேமைச் செய்தவர்கள் கூடவே மேப் எடிட்டரையும், அதாவது ஆட்டக் களத்தை நாமே வரையும் கருவியையும், கொடுத்தார்கள். ஆடுகிறவனே தன் இஷ்டத்துக்கு மேப் செய்யலாம், விதியை மாற்றலாம். உங்கள் போனில் இன்று ஓடும் பல கேம்கள் அந்த எடிட்டரை வைத்துக்கொண்டு யாரோ பொழுதுபோகாமல் செய்து பார்த்ததன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

கை தாமதித்தது

காலேஜ் கடைசி வருஷத்தில் தயாளன் தோற்க ஆரம்பித்தான். பையன்கள் காதல் என்று கிண்டல் செய்தார்கள். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். பிறகு ஒரு நாள் டீ கிளாஸ் அவன் கையிலிருந்து நழுவி கீபோர்டில் விழுந்தது. நான் திட்ட வாயைத் திறந்தேன். அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்ததும் துணியை எடுத்து கீபோர்டைத் துடைக்கப் போனேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். தசைகள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும் நோய். சிலருக்குக் காலில் ஆரம்பிக்குமாம், இவனுக்குக் கையில். மெதுவாகத்தான் ஏறும், ஆனால் இறங்காது. மருந்தில்லை.

அவனே படியேறி வந்து எனக்குச் சொன்னான். அழவில்லை. "இனிமே வர மாட்டேன்கா" என்றான்.

"ஆடாட்டி போவுது, சும்மா வந்து ஒக்காந்துட்டுப் போயேன்டா."

"இவனுங்க ஆடறத வேடிக்கை பாக்கவா? என்னால ஆவாதுக்கா. ஆடறவனாவே இருந்துட்டேன்."

அவன் கேட்டது அவ்வளவுதான். ஆடுகிறவனாக இருக்க வேண்டும். கடை வைத்திருக்கிறவளால் அதற்கு என்ன செய்ய முடியும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவன் போன பிறகு பில் போடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

ஒரே ஆள்

சில மாதம் கழித்து இம்ரான் எங்கிருந்தோ ஒரு சிடி கொண்டுவந்தான். கோட்டை கேமின் மேப்தான், ஆனால் படை கிடையாது, கட்டடம் கிடையாது. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஒரே ஒரு வீரன். சிப்பாய்கள் தாங்களாகவே வரிசையாகப் போய்ச் சண்டை போடுவார்கள், நீ உன் வீரனை மட்டும் நடத்தினால் போதும்.

பழைய ஆட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. "இன்னாபா இது, ஒருத்தன மேய்க்கறதுக்கு ஒரு கேமா?" என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வீரன் என்றால் மவுஸும் நாலைந்து கீயும். இடது கை ஓரிடத்தில் கிடந்தால் போதும். கடையை இம்ரானிடம் விட்டுவிட்டு பிள்ளையார்பாளையத்துக்கு ஸ்கூட்டியில் போனேன்.

தயாளனின் அம்மா சரோஜாம்மா வாசலில் தறிப் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், "கூட்டிக்கினு போம்மா. செவத்தயே பாத்துக்கினு கெடக்கறான்" என்றார்கள். தயாளன் வர மாட்டேன் என்றான். "வந்து பாரு, புடிக்கலன்னா நானே கொண்டாந்து வுட்டுடறேன்" என்று இழுத்து வந்தேன்.

மவுஸ் வழுக்கக்கூடாது என்று சைக்கிள் ட்யூபை வெட்டி அதன் மேல் சுற்றினேன். அன்றைக்கு அவன் இரண்டு ஆட்டம் தோற்றான், மூன்றாவதில் இம்ரானின் வீரனை வாசலிலேயே மடக்கி வைத்தான். "பேய் திரும்ப வந்துடுச்சுக்கா!" என்று இம்ரான் கத்தியதில் கீழேயிருந்து கிடங்குக்காரர் படியேறி வந்துவிட்டார்.

பிற்பாடு அந்த மேப் தனி கேமாகி, உலகம் முழுக்க ஸ்டேடியம் வைத்து ஆடுகிற அளவுக்கு வளர்ந்தது. எங்கள் கடையில் அது வேறு வேலை செய்தது. ஐந்து பேர் டீமில் தயாளன் இல்லாவிட்டால் ஆட்டத்தைத் தொடங்க மாட்டார்கள். கால் தளர்ந்த பிறகு, படியில் அவனைத் தோளில் தாங்கி ஏற்றுவது யார் என்பதில் போட்டி வேறு. எனக்கு அவை நல்ல வருஷங்கள்.

தேரடித் திருப்பம்

நோய் சொன்னபடியே ஏறியது. வலது கை மவுஸைத் துரத்தும் வேகத்தை இழந்தது. டீம் அவனை விடவில்லை, ஆனால் அவனால் தோற்கிறோம் என்பது அவனுக்கே தெரிந்துவிட்டது. இந்த முறை நான் தேடினேன். கோட்டை கேமிலேயே இன்னொரு வகை மேப் ஆடிக்கொண்டிருந்தார்கள். எதிரிகள் ஒரே பாதையில் அலை அலையாக வருவார்கள். நீ பாதையோரம் கோபுரம் கட்டிவிட்டால் அவை தாமாகவே எதிரிகளைச் சுடும். ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவில் யோசிக்க நேரம் உண்டு. ஒரு விரல் போதும்.

தயாளன் அதை ஆடியதோடு நிற்கவில்லை, எடிட்டரைத் திறந்து நம் ஊரையே மேப்பாகப் போட்டான். கருட சேவை அன்று கூட்டம் போகும் தெருக்கள்தான் பாதை.

"டேய், சாமி பாக்க வர்ற ஜனத்த எதிரியா போடாதடா, கண்ணு அவிஞ்சிடும்" என்றேன்.

"சரிக்கா, ஆடு வுடறேன்" என்று அத்தனை பேரையும் செம்மறி ஆடாக மாற்றினான்.

அந்த மேப்பில் வெளியூர்ப் பையன்கள் யாரும் தேறவில்லை. நேர் தெருவில் கோபுரமாகக் கட்டி வைத்துவிட்டு, ஆடுகள் ஓடுவதைப் பார்த்து முழிப்பார்கள். தயாளன் சொல்லிக் கொடுத்தான்: "தெருவுல ஜனம் ஓடும்பா. தேரடித் திருப்பத்துல தான் நிக்கும். முன்னாடி போறவன் நின்னா பின்னாடி வர்றவன் நெருக்குவான். அங்க கட்டு." சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து அந்த நெரிசலைப் பார்த்தவன் அவன். இன்றைக்கு டவர் டிஃபென்ஸ் என்று பெயர் பெற்ற இந்தக் கோபுர கேம்களை டெஸ்ட் பண்ணும்போது நான் முதலில் பார்ப்பது திருப்பத்தைத்தான். அவனிடம் படித்தது அது.

தொடாமல் ஆடுவது

எல்லார் கையிலும் போன் வந்த பிறகு கடைக்கு வேலையில்லை. சிஸ்டங்களை விற்றுவிட்டு செல்போன் சர்வீஸுக்கு மாறினேன். இம்ரான் சென்னைக்கு வேலைக்குப் போனான். தயாளன் வீல் சேருக்கும், பிறகு கட்டிலுக்கும் போனான். கழுத்துக்குக் கீழே அவன் சொன்னதை எதுவும் கேட்கவில்லை. மனசு மட்டும் முன்பு எப்படி ஓடியதோ அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

ஒரு ஆயுத பூஜை லீவில் இம்ரான் டேப்லெட் ஒன்றோடு வந்தான். அந்த ஒரே ஆள் கேம் வளர்ந்து பெரிதானது அல்லவா, அதிலும் யாரோ மேப் செய்து பார்த்திருக்கிறார்கள். எட்டுப் பேர் ஆட்டம். காய்களை வாங்கிக் கட்டத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். சண்டை தானாக நடக்கும், தோற்கத் தோற்க உயிர் குறைந்து ஒவ்வொருவராக வெளியேறுவார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் வாங்கலாம், மாற்றலாம். கோட்டை கேமின் பேரப்பிள்ளை என்று இதைத்தான் சொன்னேன்.

"அதுங்களே சண்ட போட்டுக்குமா? அப்போ நான் எதுக்குடா?" என்று கேட்டான் தயாளன். குரல் அப்போதே சன்னமாகியிருந்தது.

"எத எங்க வெக்கறதுன்றது தான்டா ஆட்டமே. நீ சொல்லு, அக்கா தொடட்டும்."

தயாளன் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனைப் பார்த்தான். பிறகு, "பின் வரிசைல வில்லுக்காரன வைக்கா" என்றான். நான் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வைத்தேன்.

தினமும் மத்தியானம் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டு அங்கே போய்விடுவேன். டேப்லெட் அவன் முகத்துக்கு நேரே ஸ்டாண்டில் நிற்கும். அவன் சொல்வான், நான் தொடுவேன். ஒரு தரம் அவனுக்கு இருமல் வந்தது. நேரம் போகிறதே என்று ஒரு காயை நானாக வாங்கி வைத்தேன். இருமல் நின்றதும், "க்ளோஸ் பண்ணுக்கா" என்றான்.

"ஜெயிக்கற மாதிரி கீதேடா."

"அது நீ ஆடறது. என்னுது இல்ல."

கோபமாகத்தான் இருந்தது. உனக்காக வந்து உட்கார்ந்தால் எனக்கே சட்டமா என்று முணுமுணுத்துக்கொண்டே மூடினேன். மறுநாள் முதல் அவன் சொல்லாமல் நான் தொட்டதில்லை. அப்படியே சில வருஷம் ஓடியது. ஜெயித்தால் சரோஜாம்மாவைக் கூப்பிட்டுச் சொல்வான், தோற்றால் என்னைத் திட்டுவான்.

கடைசி ஆட்டம்

அன்றும் மத்தியானம்தான். ஆட்டம் பாதியில் இருந்தது. அவன் பக்கம் நன்றாகவே நின்றது. ஒரு காயை ஒரு கட்டம் தள்ளி வைக்கச் சொன்னான், வைத்தேன். "போதும்" என்றான். அடுத்த சுற்றுக்கு ஏதாவது சொல்வான் என்று திரும்பிப் பார்த்தேன். உதடு நீலமாக இருந்தது, மூச்சு வரவில்லை.

நான் கத்தியதில் அக்கம்பக்கம் ஓடி வந்தது. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஸ்ட்ரெச்சரோடு சரோஜாம்மா ஏறிக்கொண்டார்கள். "வூட்ட பூட்டிக்கினு பின்னாடியே வாம்மா" என்று சொல்லும்போதே கதவை மூடிவிட்டார்கள்.

சாவியை எடுக்க உள்ளே போனேன். காலிக் கட்டிலுக்கு நேரே டேப்லெட்டில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இந்த வகை கேமில் ஆடுகிறவன் எழுந்து போய்விட்டாலும் காய்கள் எழுந்து போகாது. அவன் வைத்த இடத்தில் நின்று ஒவ்வொரு சுற்றும் சண்டை போடும். மற்றவர்கள் புதுசு புதுசாக வாங்கி வைத்தார்கள். இவன் பக்கம் வாங்குவதற்கான நேரம் ஓடி ஓடி முடிந்தது. ஒரு விரல் வைத்தால் போதும். நான் வைக்கவில்லை. பூட்டிக்கொண்டு ஓட வேண்டியவள், பார்த்துக்கொண்டே நின்றேன். இரண்டு பேர் இவனுக்கு முன்னால் வெளியே போனார்கள். அப்புறம் இன்னும் இரண்டு பேர். வில்லுக்காரன் மட்டும் மிஞ்சி, அவனும் விழுந்தான். நாலாவது இடம் என்று வந்தது.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது முடிந்திருந்தது. வழியிலேயே போய்விட்டானாம்.

கேம் செய்யப் போகும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. கோட்டை கேமிலிருந்து ஒருவன் படையை எடுத்தான், ஒருவன் வேகத்தை எடுத்தான், ஒருவன் கையையே எடுத்தான். ஒவ்வொரு முறையும் பழைய ஆட்டக்காரர்கள் இது ஒரு கேமா என்று சிரித்தார்கள். அப்படிக் குறைத்த இடத்தில்தான் தயாளன் உட்கார்ந்தான். நீங்கள் எதையாவது குறைக்கும்போது அங்கே யார் உட்காரப் போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் இடம் விடுங்கள்.

காரியம் முடிந்த மறுநாள் சரோஜாம்மா டேப்லெட்டை இம்ரானிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். கொடுத்துவிட்டும் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கு ஒன்னு ஆடிக்கினு இருந்தானேம்மா. அது இன்னா ஆச்சு?"

ஜெயித்தான் என்று சொல்லத்தான் நாக்கு வந்தது. சொல்லியிருந்தால் தயாளன் என்னை மன்னிக்க மாட்டான்.

"நாலாவது வந்தான்மா. எட்டுப் பேர்ல."

"நீ எதனா வெச்சியா?"

"இல்லம்மா. அவன் வெச்சது வெச்சபடியே தான். வண்டி போன பொறவும் அதுங்க ஆடிக்கினு தான் இருந்துச்சு."

அவர்கள் அப்போதுதான் டேப்லெட்டிலிருந்து கையை எடுத்தார்கள். பிறகு முகத்தில் என்னவோ வந்தது, சிரிப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

"பாத்தியா இவன! நான் வண்டியில கைய புடிச்சிக்கினு எழுந்துருடா எழுந்துருடான்னு அழுதுக்கினு போறேன், இவன் இங்க ஆடிக்கினு இருந்துருக்கான்."