தோளில் விழுந்த தாளம்

பேய், ஆவி என்று யாராவது தொடங்கினாலே எழும்பிப் போகிற ஆள் நான். ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் மருந்துக்கடையில் வேலை. எதற்கும் காரணம் கேட்டே பழக்கம். நம்பினால் நம்புங்கள், விட்டால் விடுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், ஒஸ்லோவில் ஐரோப்பாவின் மிகப் பழைய இசையைப் பாடும் நால்வர் குழுவொன்றில் நானும் இருந்தேன். மற்ற மூவரும் நோர்வேக்காரர். அந்த இசையைப்பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஆதியில் தேவாலயத்தில் எல்லோரும் ஒரே மெட்டைத்தான் சேர்ந்து பாடினார்களாம். பிறகு ஆசை யாரை விட்டது? அந்தப் பக்திப்பாட்டை அடியில் இழுத்து இழுத்துப் பாடவைத்து, அதன்மேல் வேகமான குரல்களை ஏற்றினார்கள். போகப்போக மேல்குரல்கள் காதல்பாட்டே பாடத் தொடங்கிவிட்டன. தேவாரத்துக்கு மேலே சினிமாப்பாட்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாதிரிமார் சிலர் கோபப்பட்டார்களாம், ஆனால் கேட்க அமிர்தம்.

அந்த அடிக்குரல்தான் எனக்கு. அது பிசகினால் மேலேயுள்ள மூன்றும் சரிந்துவிடும். நான் சின்ன வயதில் கர்நாடக சங்கீதம் படித்தவள், தொடையில் தட்டாமல் எனக்குத் தாளம் நிற்காது. குழுவை நடத்திய இங்ரிட் கண்டிப்பானவள். கச்சேரியில் கை அசையக்கூடாது, நீண்ட சுரத்தைக் கமகம் போட்டு வளைக்கக்கூடாது, முடியாவிட்டால் இப்போதே சொல், பக்கத்து ஊரான திராமனில் வேறொருத்தி தயாராக இருக்கிறாள் என்றாள். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

என் கணவர் சிவா வீட்டில் சிரித்தார். "உமக்கேன் இந்த வில்லங்கம்? ஏலாதெண்டு சொல்லிவிடும்."

"ஏலும். நீங்கள் முன்வரிசையிலை வந்திருந்து பாருங்கோ."

கச்சேரி ஒரு பனிக்காலப் பின்னேரம், பழைய கல் தேவாலயத்தில். ஒருவர் பின் ஒருவராகச் சற்றுச் சரிந்து நின்றோம். எனக்கு முன்னால் இங்ரிட், கடைசியில் நான், எனக்குப் பின்னால் வெறும் சுவர். இசைத்தாள்களை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

பாட்டின் நடுவில் தாள எண்ணிக்கை தவறிப்போனது. எந்த இடத்தில் நிற்கிறேன் என்றே தெரியவில்லை, முன்வரிசையில் சிவா வேறு. அந்த நேரம் என் இடது தோளில் ஒரு கை வந்து விழுந்தது. மெதுவாக, சீராகத் தட்டியது. நான் அதைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். கடைசிச் சுரம்வரை ஒரு நூல் பிசகவில்லை! சனம் எழுந்து நின்று கைதட்டியது. என் வாழ்க்கையில் அப்படியொரு பெருமை நான் பட்டதில்லை.

திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

வெளியே வந்ததும் சிவாவிடம் சொன்னேன். "பதட்டத்திலை அப்பிடித் தெரிஞ்சிருக்கும்" என்றார். நானும் ஓம், அப்படித்தான் என்று நினைத்தேன். அதற்குள் இங்ரிட் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அந்தக் காலத்துப் பாடகர்கள் ஒரே பெரிய புத்தகத்தைச் சுற்றி நின்று, ஒருவர் தோளில் மற்றவர் தட்டித்தான் தாளம் காட்டுவார்களாம். "அது உனக்கு எப்படித் தெரியும்? நடுவில் நானும் தவறிவிட்டேன். நீ என் தோளில் தட்டியதால்தான் தப்பினேன். இனி இந்த இடம் உனக்குத்தான்."

நான் சிவாவைப் பார்த்தேன். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"நான் உம்மடை கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார் தமிழில். "ரெண்டும் அந்தத் தாளுகளை விட்டு அசையேல்லை."